கரையைத் தாண்டாத ஏரி

உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் சேர்ந்திருக்கும் இந்தத் தொழிலில் தவறு செய்தால் உடனே தெரியாது. தையற்காரர் தவறு செய்தால் சட்டை போடுகிறவனுக்கு அன்றே தெரியும். சமையற்காரர் தவறு செய்தால் பந்தியிலேயே தெரியும். ஏரியையும் ஆற்றையும் காற்றையும் கம்ப்யூட்டருக்குள் கட்டிவைத்துப் பார்க்கிற நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் தவறு வெளியே வர ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். அதற்குள் பெரும்பாலும் பதவி உயர்வு வந்துவிடும்.

எனக்கும் வந்தது. ஓய்வும் வந்துவிட்டது. ஆகவே இதை எழுதுவதில் இனி யாருக்கும் நஷ்டமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட்டு நட்டுப் பட்டறைக்கு மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பிரஸ் இறங்கும்போதெல்லாம் மேலே எங்கள் மேசைகள் ஒருமுறை துள்ளி அமரும். இயற்கையை நுட்பமாகக் கணிக்கும் பணிக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடிக் கொடுக்க மேலிடத்தால் முடியவில்லை.

எங்களிடம் ஒரு பெரிய மாடல் இருந்தது. அதைப் 'பெரியவர்' என்போம். சுற்றுவட்டார ஏரிகளில் எவ்வளவு மழை பெய்தால் எங்கே எவ்வளவு தண்ணீர் ஏறும், உபரி நீர் எந்தக் கலங்கல் வழியாக எவ்வளவு வழியும், அது எந்தத் தெருவுக்குப் போகும் என்று எல்லாம் பெரியவர் சொல்வார். நிதானமாகச் சொல்வார். கேள்வியை நாடாவில் பதிந்து, பஸ் ஏறி நகரத்துக்குள் ஒரு பெரிய கம்ப்யூட்டர் மையத்துக்குக் கொண்டுபோய், வரிசையில் போட்டுவிட்டு வர வேண்டும். மறுநாள் மடிப்பு மடிப்பாகத் தாள்கட்டில் பதில் வரும். மழை நாளில் கேட்டால், வெள்ளம் வடிந்தபின் 'வெள்ளம் வரும்' என்று சொல்லக்கூடியவர் பெரியவர். அவருடைய அறிவை யாரும் சந்தேகித்ததில்லை.

ஆகவே ஒரு 'குட்டி' செய்தோம். நீங்கள் இன்று அதை எமுலேட்டர் என்று மரியாதையாக அழைக்கிறீர்கள். பெரியவரிடம் முன்கூட்டியே விதவிதமான மழைகளைக் கொடுத்து, அவர் சொன்ன பதில்களை எல்லாம் சேர்த்துக்கொள்வது. புதிதாக ஒரு மழையைக் கேட்டால், அதற்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பதில்களைப் பார்த்து ஒரு பதிலைக் கட்டிச் சொல்வது. பாடப்புத்தகத்தைத் தொடாமல் கைடு மட்டும் படித்துப் பாஸ் செய்யும் மாணவனைப் போல. வேகமாகச் சொல்வான், கணீரென்று சொல்வான், பெரும்பாலும் சரியாகவும் சொல்வான். கைடில் இல்லாத கேள்வி வந்தாலும் அதே கணீர்.

குட்டிகளைத் தயார்செய்யும் மென்பொருளை எழுதியவர் ஸ்டெல்லா. அம்பத்தூர்ப் பெண். மாதா கோயிலுக்கு எதிர்த்தெருவில் வீடு. கணிதம் படித்தவர், குறைவாகப் பேசுவார், பேசினால் அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது. அவருக்கு மேலே நான். எனக்கு மேலே இயக்குநர். அலுவலகத்தின் எல்லா நடைமுறைகளையும் அறிந்தவன் நான் என்று ஒரு பெயர் உண்டு. அதை யாரும் பாராட்டாகச் சொன்னதில்லை.

குட்டியை இயக்குநர் பார்த்த அன்று நானும் இருந்தேன். வண்ணத்திரையில் ஏரி நீலமாக ஏறுவதைக் கண்டதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன்பின் யார் வந்தாலும் அந்தக் காட்சி உண்டு. மந்திரி வந்தால் உண்டு, மந்திரியின் மைத்துனர் வந்தாலும் உண்டு. பெரியவரைப் பற்றிப் பேச்சே நின்றுபோனது. வீட்டில் பேரப்பிள்ளை வந்ததும் தாத்தாவைத் திரும்பிப் பார்க்காத கதைதான்.

அந்த வருடம் ஐப்பசி மழை பிந்தி வந்தது. பிந்தி வந்ததற்கு வட்டியும் முதலுமாகப் பெய்தது. இரண்டாம் நாள் முற்பகல் ஸ்டெல்லா குட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். நான் மழைக்காலப் பொறுப்பு அதிகாரி, பக்கத்தில் நின்றிருந்தேன். அப்போது எங்கள் ஜீப் டிரைவர் ஏகாம்பரம் நனைந்த தலையோடு உள்ளே வந்தார்.

"இன்னா சார் சொல்லுது மிசினு?"

ஏகாம்பரத்தின் வீடு அயனம்பாக்கத்துக்கும் வானகரத்துக்கும் நடுவில் ஓர் ஏரிக்கரையின் கீழே இருந்த காலனியில். எந்த ஏரி என்று சொல்ல மாட்டேன். அங்கே இப்போது மனை விலை நன்றாக இருக்கிறது, கெடுப்பானேன். மறுநாள் காலை அவர் மகளுக்கு அந்த வீட்டில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்கள். பெண் பார்க்க வந்தபோதே, ஏரிக்குக் கீழே வீடா என்று மாப்பிள்ளையின் தகப்பனார் முகம் சுளித்திருக்கிறார். ஏகாம்பரம் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் இன்னா சொன்னேன் தெரியுமா சார்? எங்க ஆபீஸே ஏரிக்குக் கணக்கு பாக்குற ஆபீஸு. அங்க ஒரு மிசினு கீது. எவ்ளோ மழ பேஞ்சாலும் எங்க ஊட்டாண்ட தண்ணி வராதுன்னு அதுவே சொல்லிகீதுன்னேன். அப்பறந்தான் அந்த ஆளு காப்பியவே குடிச்சாரு."

"அதை யார் உங்ககிட்ட சொன்னது?"

"டைரக்டரு மந்திரிக்குப் போட்டுக் காட்டுறப்ப நான் பின்னால நின்னுகினு இருந்தேன்ல."

ஸ்டெல்லா அன்றைய மழையைக் கொடுத்தார். திரையில் ஏரி ஏறியது. கரையின் உச்சிக்கு ஒரு முழம் கீழே நின்றது.

"பாத்தியா சார்!" என்றார் ஏகாம்பரம். பந்தற்காரனிடம் சொல்லிவிட்டு வருவதாக இறங்கிப் போய்விட்டார்.

ஒரு முழம் என்பது நிம்மதியான இடைவெளி. அந்த நிம்மதிதான் எனக்கு உறுத்தியது. "இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெய்தால்?" என்றேன். ஸ்டெல்லா கூட்டினார். ஏரி சற்று ஏறி நின்றது. இரண்டு மடங்கு கொடுக்கச் சொன்னேன். அதே இடம். பத்து மடங்கு. அதே இடம். வங்காள விரிகுடாவையே பெயர்த்துக் கொண்டுவந்து கொட்டினாலும் எங்கள் ஏரி கரைக்குக் கீழே கைகட்டி நிற்கும் என்று தெரிந்தது. நான் பார்த்த ஏரிகளில் இவ்வளவு ஒழுக்கமான ஏரி வேறில்லை.

ஸ்டெல்லா எழுந்துபோய் மூலையில் கிடந்த பழைய தாள்கட்டுகளைக் கிளற ஆரம்பித்தார். மாலை பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றுவதற்கு நாங்கள் வைத்திருந்தவை அவை. ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் விரித்தார். ஒரு பக்கம் எண்ணெய்க் கறை, மறுபக்கம் முழுக்க நட்சத்திரக் குறிகள்.

பெரியவரின் நோய் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்காது. எண் அளவுமீறிப் பெரிதாகிவிட்டால் அவருக்கு அச்சடிக்க இடம் போதாது. எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரம் நட்சத்திரமாக அடித்துவிட்டுப் பாதியில் படுத்துவிடுவார். அப்படி நின்றுபோன கணக்கு ஓட்டங்களைக் 'கெட்டவை' என்போம். குட்டிக்குப் பாடம் எடுக்கும்போது கெட்டவற்றை வடிகட்டிவிட்டு நல்லவற்றை மட்டும் கொடுப்போம்.

"எப்பல்லாம் நட்சத்திரம் வந்திருக்குன்னு பாத்தேன் சார்," என்றார் ஸ்டெல்லா. "தண்ணி கரைக்கு மேல போற அன்னிக்குத்தான். ஒவ்வொரு தடவையும்."

"ஆக…"

"ஆக கரைய தாண்டின மழை எல்லாத்தையும் நாம தூக்கிப் போட்டுட்டோம். குட்டிக்குத் தெரிஞ்ச உலகத்துல ஏரி தாண்டினதே இல்ல."

"வடிகட்டச் சொன்னது யார்?"

ஸ்டெல்லா இயக்குநர் அறையின் கதவைப் பார்த்தார். அது போதும். 'பெரியவரும் குட்டியும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகின்றன' என்ற வாக்கியத்துக்காக அறிக்கையில் முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருந்தவர் அவர்தான்.

யோசித்துப் பாருங்கள். மற்ற எந்தத் தொழிலிலும் இந்தத் தவற்றைச் செய்ய முடியாது. மடிந்த நோயாளிகளை எல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, 'இந்த வியாதியில் யாரும் சாவதில்லை' என்று எந்த வைத்தியரும் எழுத மாட்டார். நாம் எழுதுவோம். அதற்கு 'தரவைச் சுத்தம் செய்தல்' என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

நானும் ஸ்டெல்லாவும் இயக்குநர் அறைக்குப் போனோம். அவர் எண்ணெய்த்தாளைத் தொடாமல் பார்த்தார்.

"இப்ப இன்னிக்குக் கரை தாண்டும்ங்கறீங்களா?"

"தெரியாது சார்."

"தாண்டாதுங்கறீங்களா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப குட்டி சொல்றதுல என்ன தப்பு? அதாவது ஒண்ணு சொல்லுது. நீங்க ஒண்ணுமே சொல்லலையே!"

தர்க்கம் பிசகே இல்லாதது. இப்படிப்பட்ட தர்க்கத்துக்கு எதிராக வாதாடக்கூடாது என்பதைச் சர்வீஸில் மிக முன்னதாகவே கற்றுக்கொண்டிருந்தேன். வாதத்தில் மேலதிகாரியை வென்றவன் இல்லை. நடைமுறையில் வெல்லலாம்.

அந்த நேரத்தில் பூந்தமல்லியிலிருந்து தாசில்தார் தொலைபேசியில் வந்தார். கரைக்குக் கீழே இருக்கும் காலனியைக் காலி செய்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டுமா, வேண்டாமா? இருட்டுவதற்குள் பதில் வேண்டும், எழுத்தில் வேண்டும்.

"தேவையில்லைன்னு சொல்லிடுங்க. குட்டியோட முடிவைத் தட்டச்சு பண்ணிக் குடுங்க," என்றார் இயக்குநர்.

"செய்கிறேன் சார்," என்றேன். செய்தேன். நம் நடைமுறையில் ஒரு விதி உண்டு. எந்த முடிவு வெளியே போனாலும், அது எந்த அளவு மழைவரை சோதிக்கப்பட்டது என்று ஒரு வரி சேர்த்து, அனுப்புகிறவர் தன் பெயரின்மேல் கையெழுத்திட வேண்டும். விருந்தாளிகளிடம் காட்டுவதற்காக இயக்குநரே கொண்டுவந்த விதி அது. நான் அந்த வரியைச் சேர்த்தேன். 'கரையைத் தாண்டும் அளவிலான மழைக்கு இம்மென்பொருள் சோதிக்கப்படவில்லை. எனினும் இன்றைய மழையில் ஏரி கரையைத் தாண்டாது என உறுதி கூறுகிறேன்.' கீழே இயக்குநரின் பெயரையும் பட்டங்களையும் ஒன்று விடாமல் தட்டச்சு செய்து அவர் முன் வைத்தேன்.

அவர் பேனாவைத் திறந்தார். படித்தார். இன்னொரு முறை படித்தார். வெளியே மழை எழுந்து அடித்தது. கீழே பிரஸ் இறங்கியது, மேசை துள்ளியது. பேனாவை மூடினார்.

"மழை டியூட்டி யாரு? நீங்கதானே? நீங்களே பாத்துக்குங்க. எனக்குத் தலைமைச் செயலகத்துல ஒரு மீட்டிங் இருக்கு."

இருந்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

ஆக முடிவு என்னிடம் வந்தது. இப்போது ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். அதுவரை எனக்கு விஷயம் எளிதாக இருந்தது, அடுத்தவர் பெயரின்மேல் எச்சரிக்கை வரி எழுதுவது எவனுக்கும் எளிது. இனி ஒரு வரி என் பெயரின்மேல். அந்தக் காலனியில் நிறைய வீடுகள். அவற்றில் ஒன்றில் வாழைமரம் கட்டிப் பந்தல் போட்டிருந்தது.

தாசில்தாரைக் கூப்பிட்டேன். "காலி செய்யச் சொல்லுங்கள்."

"மிஷின் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்கிறேன்."

"மிஷின் என்ன சொல்லுது?"

"அதைக் கேட்காதீர்கள்."

"எழுதித் தருவீங்களா?"

"தருகிறேன்."

அந்தக் காகிதத்தைத் தாசில்தாரிடம் கொண்டு சேர்க்க வேண்டிய ஜீப்பை ஓட்டவேண்டியவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். ஏகாம்பரம் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலேல ஒரு முழம் கீழ நின்னுச்சே சார். நானே கண்ணால பாத்தேனே."

"அது தப்பு ஏகாம்பரம்."

"அப்ப தண்ணி வருமா?"

"தெரியாது."

"தெரியாதுன்றதுக்கா சார் என் பொண்ணு நிச்சயத்த இஸ்கூல்ல வெக்கச் சொல்ற? அந்த ஆளு வந்து நின்னு கேப்பாரே. இன்னாய்யா, தண்ணியே வராதுன்னு சொன்னியே, இப்ப ஏன்யா இங்க குந்திகினு கீறன்னு. நான் இன்னா சொல்லுவேன்? மிசினு பொய் சொல்லிச்சுன்னா? இல்ல நான் சொன்னேன்னா?"

"நான் வந்து சொல்கிறேன்."

"நீ வந்து இன்னா சார் சொல்லுவ? தெரியாதுன்னா?"

வண்டியைக் கிளப்பினார். பூந்தமல்லி வரை வழியில் இருந்த ஒவ்வொரு பள்ளத்தையும் எனக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைத்தார்.

காலனி காலியாயிற்று. மக்கள் பாத்திரங்களையும் டி.வி. பெட்டிகளையும் தலையில் வைத்துக்கொண்டு, நான் யாரென்று அறியாமலே என்னைத் திட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை மழை தூறலாகியிருந்தது. மூன்றாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை ஓரம் கட்டி, கரும்பலகைக்குக் கீழே ஜமுக்காளம் விரித்து நிச்சயதார்த்தம். நான் சொன்னபடி போனேன். ஸ்டெல்லாவும் வந்தார். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் ஆவடித் தொழிற்சாலையில் போர்மேன். கசங்காத சட்டை, கசங்காத முகம். தட்டு மாற்றுவதற்கு முன் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"நீங்கதான் அந்த ஏரி ஆபீசரா? தண்ணி வந்துச்சா?"

"இதுவரை வரவில்லை."

"வருமா?"

ஏகாம்பரம் என்னைப் பார்க்கவில்லை. அவர் மகள் பார்த்தாள். வரும் என்று சொல்லியிருக்கலாம், என் மானம் பிழைத்திருக்கும். வராது என்று சொல்லியிருக்கலாம், அவள் தகப்பனின் மானம் பிழைத்திருக்கும். இரண்டையும் அதிகாரத் தொனியில் சொல்ல எனக்குப் பயிற்சி உண்டு.

"தெரியாது ஐயா. வரலாம் என்று அஞ்ச இடம் இருந்தது. அதனால் இவர்களைக் கிளப்பினேன். ஏகாம்பரம் உங்களிடம் சொன்னது எங்கள் அலுவலகம் சொன்னதுதான். தவறு அலுவலகத்துடையது, அவருடையது இல்லை."

அவர் என்னை மேலும் கீழும் அளந்தார். "தெரியாதுன்னு ஒரு கவர்ன்மெண்ட் ஆபீசர் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்," என்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "பொண்ணு நம்ம குவார்ட்டர்ஸ்லதானே இருக்கப்போவுது. எடு தட்ட," என்றார்.

தட்டு மாறியது. அத்தோடு, 'அந்த ஏரிக்கரை வீட்டுக்குத் தலைதீபாவளிக்கு எங்க புள்ளைய அனுப்பமாட்டோம்' என்று எல்லோர் காதிலும் விழும்படி மாப்பிள்ளையின் அம்மா சொன்னதும் நடந்தது. ஏகாம்பரம் அதைத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

அன்று மாலை மழை விட்டது. ஏரி கரையைத் தாண்டவில்லை. எங்கே நின்றது தெரியுமா? உச்சிக்கு ஏறத்தாழ ஒரு முழம் கீழே.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததுதான். ஆனால் மாதக்கூட்டத்தில் இயக்குநர் காக்கையைப் பற்றிப் பேசவில்லை. குட்டியின் துல்லியத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். அனுபவமுள்ள அதிகாரிகள் சிலர் பதற்றத்தில் அறிவியலைக் கைவிட்டதைப் பெயர் சொல்லாமல் வருந்தினார். எல்லோரும் பெயர் சொல்லாமல் என்னைப் பார்த்தார்கள்.

உங்களுக்கு இதிலிருந்து ஒரு நீதியை எடுத்துக் கையில் தர வேண்டும் என்பது இந்த மாதிரிக் கட்டுரைகளின் வழக்கம். 'அன்று அவர்களைக் கிளப்பியதால்தான் உயிர் பிழைத்தார்கள்' என்று முடிந்திருந்தால் நீதி தானாகவே வந்திருக்கும். அப்படி முடியவில்லை. கிளப்பாமல் இருந்திருந்தாலும் எல்லோரும் நன்றாகவே இருந்திருப்பார்கள், நிச்சயதார்த்தம் பந்தலிலேயே நடந்திருக்கும். இருந்தும் நான் செய்தது சரி என்றே இன்றும் சொல்கிறேன். முடிவு எடுக்கும்போது கையில் என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் முடிவை எடைபோட வேண்டும், பிறகு என்ன நடந்தது என்பதை வைத்து அல்ல. இதை ஒப்புக்கொள்ளும் மேலதிகாரி உங்களுக்குக் கிடைத்தால் கோயிலுக்கு ஏதாவது செய்யுங்கள்.

ஸ்டெல்லா அதிகம் பேசாமல் ஒரு காரியம் செய்தார். கெட்ட ஓட்டங்களை எல்லாம் திரும்பச் சேர்த்து மென்பொருளை மாற்றினார். கேட்கிற மழை, நட்சத்திரம் விழுந்த மழைகளுக்குப் பக்கத்தில் போனால், நீலம் ஏறாது. திரை வெறுமையாகி, நடுவில் ஆங்கிலத்தில் 'தெரியாது' என்று வரும்.

இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா கம்ப்யூட்டர்? தெரியாதுன்னு சொல்றதுக்கு என்கிட்ட ஏற்கெனவே முப்பது பேர் இருக்காங்களே," என்றார். விருந்தாளிகளுக்குப் பழைய குட்டியையே காட்டினார். மழைக்குப் புதிய குட்டியை நாங்கள் வைத்துக்கொண்டோம்.

அடுத்த வருடமும் மழை வந்தது. திரை வெறுமையானது. நான் மறுபடி எழுதிக் கையெழுத்திட்டேன். ஏகாம்பரம் ஒரு வருடமாக என்னிடம் 'சரி சார்', 'வண்டி ரெடி சார்' என்பதற்குமேல் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. தாசில்தார் அலுவலகத்தில் காகிதத்தைக் கொடுத்ததும், அறிவிப்புச் செய்ய ஆள் வரவில்லை, உங்கள் ஜீப்பிலேயே மைக் கட்டித் தருகிறோம் என்றார்கள். தலையாரி எழுதிக் கொடுத்த வாசகம் ஒன்று இருந்தது, 'பொதுமக்களின் மேலான கவனத்துக்கு' என்று தொடங்குவது. காலனி முனையில் வண்டியை நிறுத்தி ஏகாம்பரம் அதைக் கையில் வாங்கினார். ஒருமுறை பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அல்லாரும் கேட்டுக்கங்கப்பா. இந்தத் தபா தண்ணி வருமா வராதான்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதாம். மிசினுக்கும் தெரியாதாம். அதனால சட்டிபானய எடுத்துகினு இஸ்கூலுக்குக் கெளம்புங்க. தண்ணி வர்லன்னா திட்டணும்னு தோணும். திட்டுங்க. கையெழுத்து போட்டவரு இதோ பக்கத்துலதான் குந்திகினு கீறாரு."